பதினான்காம் வரிசை, ஒன்பதாம் எண்

ஓதிலின் விலை எண்ணூற்று அறுபது மார்க். அவள் படுத்திருக்கும் மண்ணின் விலை என்று சொல்வதுதான் முறை. ஆனால் ஆன்செல்ம் மெர்மே ஒருநாளும் அப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. இரண்டு மீட்டர் நீளம், தொண்ணூறு சென்டிமீட்டர் அகலம், இருபது வருஷம். தோண்டுகூலி, மூடுகூலி உட்பட. அதை எழுநூறுக்குக் கேட்டுப் பார்த்தவர் அவர்.

ரைன் ஆற்றின் ஜெர்மன் கரையில் வைடன்டார்ஃப் என்கிற அந்தச் சின்ன ஊரில், கல்லறைத் தோட்டத்து அலுவலகம் திறந்த நாளிலிருந்து அங்கே பேரம் பேசிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். 1999 நவம்பர். அவர் மனைவி ஓதில் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடி இரண்டு நாள் ஆகியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் டோல்ட் என்கிற அதிகாரி, ஒரு பெரிய வரைபடத்தை விரித்து வைத்துப் பென்சிலால் காட்டினார்.

"இது குடும்பக் கல்லறை. ரெண்டு பேருக்கு. முப்பது வருஷம், அப்புறம் வேணும்னா நீட்டிச்சுக்கலாம். மூவாயிரத்து நானூறு. இது வரிசைக் கல்லறை. ஒருத்தருக்கு. இருபது வருஷம். எண்ணூற்று அறுபது."

"எழுநூறு" என்றார் மெர்மே.

டோல்ட் நிமிர்ந்தார். "என்ன எழுநூறு?"

"வரிசைதான். எழுநூறு. இப்பவே ரொக்கமா."

"ஹெர் மெர்மே, இது நகராட்சிக் கட்டணம்."

"தெரியுதே. எழுநூற்று ஐம்பது."

டோல்டுக்குக் காது சிவந்துவிட்டது. மெர்மே எழுந்தார், தொப்பியைத் தலையில் வைத்தார், "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். பிரான்ஸில், ழூரா மலைப் பக்கத்தில் மாட்டுத் தரகருக்குப் பிறந்தவர் அவர். அப்பா சந்தையில் கற்றுக்கொடுத்த வித்தைகளிலேயே பெரியது இதுதான்: விலை படியவில்லையா, முதுகைக் காட்டி மெதுவாக நட. காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நட. பத்தாவது அடிக்குள் கூப்பிடுவான்.

பத்து அடி நடந்தார். இருபது நடந்தார். வேலியோரம் நின்று ஒரு சிகரெட் முழுசாகப் பிடித்தார். யாரும் கூப்பிடவில்லை. இந்த நாட்டில் முதுகைப் பார்த்து யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பது பதினோரு வருஷமாகத் தெரிந்ததுதான். ஆனாலும் அன்றைக்கு யாராவது கூப்பிட்டால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி உள்ளே போய் உட்கார்ந்தார். டோல்ட், இடையில் எதுவுமே நடக்காத மாதிரி, "எண்ணூற்று அறுபது" என்றார்.

கையெழுத்துப் போடும்போது டோல்ட் விரலை ஒரு வரியின் மேல் வைத்துக்கொண்டார். "இருபது வருஷம்னா இருபதுதான். நீட்டிக்க முடியாது. முடிஞ்சதும் இந்த வரிசை மொத்தத்தையும் எடுத்துடுவோம். புரிஞ்சுதுங்களா?"

மெர்மே சிரித்துவிட்டார். "இருபது வருஷம் இந்த ஊர்ல நான் இருப்பேன்னு யார் சொன்னது? மிஞ்சிப் போனா அஞ்சு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும் ஊரைப் பார்க்கப் போயிடுவோம்."

'ரெண்டு பேரும்' என்ற இடத்தில் டோல்ட் ஒருகணம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

கஞ்சத்தனம் என்று நினைத்தால் தப்பு. கொஞ்சம் அதுவும்தான். ஆனால் கணக்கு வேறு. பாலத்துக்கு அந்தப் பக்கம், பிரான்ஸில், ஒரு அறைக்குக் கேட்ட வாடகையில் இந்தப் பக்கம் மூன்று அறை கிடைத்தது. அதனால்தான் எண்பத்தெட்டில் ஆற்றைத் தாண்டினார்கள். இரண்டு வருஷம், கையில் கொஞ்சம் சேர்ந்ததும் திரும்பிவிடுவது என்று பேச்சு. அதனால் எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்கே வாங்கினார்கள். மடக்கு மேஜை. யாரோ கழித்துப் போட்ட ஃபிரிட்ஜ். சுவரில் ஒரு ஆணி அடிக்கவில்லை; படங்கள் எல்லாம் தரையில் சுவரோடு சாய்ந்து நின்றன. வாரச்சந்தையில் சீஸ் கடை போட்டார். ஊரிலிருந்து தம்பி ரெமி கோந்தே சீஸை வட்டம் வட்டமாக அனுப்பிவைத்தான். ஜெர்மன்காரர்கள் விலைச்சீட்டைப் படித்தார்கள், கேட்ட காசைக் கொடுத்தார்கள். பேரமே இல்லாத சந்தை. மெர்மேவுக்கு முதல் ஆறு மாதம் ஏமாற்றுகிற மாதிரியே இருந்தது.

ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஓதில் கேட்பாள்: "ஆன்செல்ம், அடுத்த வருஷமா?"

"அடுத்த வருஷம்."

அவளுக்கு இந்த ஊர் ஒட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பளம் தட்டினால் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும். காலிப் பாட்டிலைத் தப்பான தொட்டியில் போட்டால் அது திரும்பி வாசலுக்கே வந்து நிற்கும். பிள்ளையும் இல்லை, அந்தச் சாக்கில் பழக. கடைசி வாரம் அவள் மெர்மேவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஊருக்குப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போயிடு. இங்க விட்டுட்டுப் போயிடாதே" என்றாள்.

"சத்தியமா" என்றார் அவர்.

இரண்டு பேருக்கான, நீட்டித்துக்கொள்ளக்கூடிய கல்லறையை வாங்குவது அந்தச் சத்தியத்தை மீறுவதாக இருந்திருக்கும். மடக்கு மேஜை மாதிரி மடக்குகிற கல்லறை ஒன்றைத்தான் அவர் வாங்கினார்.

அடுத்த வசந்தத்தில், தம்பியின் லாரியில் ஒரு கிரானைட் பலகை வந்தது. மெர்மேவின் ஊரில் கல்லறை என்றால் அதுதான். மண் தெரியாமல் மூடுகிற பலகை. ஒருமுறை போட்டால் தலைமுறைக்கும் கவலையில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஒரு சாமந்தித் தொட்டி, துணியால் ஒரு துடைப்பு, தீர்ந்தது. டோல்ட் ஓடிவந்து லாரியை மறித்தார். இந்தத் தோட்டத்தில் பலகை போடக்கூடாது. தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் வைக்கலாம். மீதி இடத்தில் செடி வைக்க வேண்டும். வைத்ததைப் பராமரிக்கவும் வேண்டும்.

"முன்னூறு கிலோ கல்லை மலைலேர்ந்து இறக்கிக் கொண்டுவந்தேன். இப்ப மறுபடி மலை ஏத்தணுமா?" என்று ரெமி பிரெஞ்சில் கத்தினான். டோல்ட் ஜெர்மனில் விதி எண் சொன்னார். கல் மலை ஏறியது.

அப்போது எதிர்ப்பக்கம், பாதைக்கு அந்தாண்டை, ஒரு பெண்மணி முழங்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அது அவள் புருஷனின் குடும்பக் கல்லறை. பூச்செடிகள் பட்டாளம் மாதிரி வரிசை கட்டி நின்றன. அவள் எழுந்து, கையுறையைத் தட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்தாள். அவள்தான் வீகண்ட் அம்மாள்.

"அது உங்க மனைவியா?"

"ஆமா மதாம்."

"தலை வாராம படுத்திருக்காங்க."

ஓதிலின் மேல் அந்தக் குளிர்காலம் முழுக்க முளைத்த புல்லும் முள்ளும் நின்றன. மெர்மேவுக்குச் சுருக்கென்றது. "எங்க ஊர்ல செத்தவங்க தோட்டவேலை எதிர்பார்க்கிறதில்ல."

"இங்க எதிர்பார்ப்பாங்க" என்றாள் அந்த அம்மாள். "சனிக்கிழமைதோறும்."

அதற்கடுத்த சனிக்கிழமை சந்தை முடிந்து, சீஸ் வாசனையோடு, ஒரு ரோஜாப் பதியனைக் கொண்டு வந்தார். குழாயடியில் பூவாளிகள் வரிசையாகச் சங்கிலி போட்டுத் தொங்கின. காசைச் செருகினால்தான் விடுபடும்.

"தண்ணிக்கும் காசா! செத்தவன்கிட்டயுமா வியாபாரம்?" என்று சத்தம் போட்டார்.

"பூவாளியைத் திருப்பி மாட்டினா காசு திரும்ப வந்துடும்" என்றாள் வீகண்ட் அம்மாள். "திருட்டுப்பசங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடறாங்க. பிரெஞ்சுக்காரங்கன்னு நான் சொல்லலை."

இப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமைக்கு இரண்டு பூவாளி. ஜூலை, ஆகஸ்டில் நான்கு, நடுவாரத்திலும் ஒருதரம். அந்த அம்மாள் அவருடைய ரோஜாவைப் பழிப்பாள், அவர் அவளுடைய பெகோனியாச் செடிகளைப் பார்த்து, "உங்க புருஷன் உயிரோட இருந்தப்பவும் இப்படித்தான் அட்டென்ஷன்ல நிப்பாரா?" என்பார். "அதைவிட நேரா நிப்பார்" என்பாள். ஒருவரை ஒருவர் ஒருநாளும் முதல் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் மதாம் என்பார். அவள் ஹெர் மெர்மே என்பாள். மழை வந்தால் இருவரும் குழாயடித் தகரத்துக்குக் கீழே நின்று, அவர் கொண்டுவந்த சீஸ் ஓரங்களைத் தின்பார்கள்.

ஐந்து வருஷம் ஆனது. ஊரில் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று ரெமி போன் செய்தான். நல்ல வீடு, சர்ச்சுக்குப் பக்கம். மெர்மே ஆகஸ்டில் பார்க்கப் போனார். பகல் சாப்பாட்டுக்குக்கூட உட்காரவில்லை.

"இப்பத்தானேண்ணா வந்தே?"

"முப்பத்தஞ்சு டிகிரிடா இன்னைக்கு. அங்க யாரு தண்ணி ஊத்துவா?"

"ஒருநாள் ஊத்தலைன்னா அண்ணி என்ன கோவிச்சுக்கவா போறா?"

"உனக்கு அண்ணியைத் தெரியாது" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள். அடுத்த வருஷம் போகலாம் என்றார். அதற்கடுத்த வருஷம் ரோஜாவுக்கு நோய் வந்தது. மார்க் போய் யூரோ வந்து பழசாகியும் விட்டது. மடக்கு மேஜையின் கால் ஒடிந்தது. கட்டை வைத்து முட்டுக் கொடுத்தார். தங்கப்போவதில்லை என்பதற்காக மலிவாய் எடுத்த கல்லறை. அதற்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே என்று அவர் தங்கியே விட்டார். இதை யாராவது அவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தால், சந்தையில் வாழ்ந்த மனுஷன், எங்கே ஏமாந்தோம் என்று உடனே கண்டுபிடித்திருப்பார். யாரும் சொல்லவில்லை.

2019 செப்டம்பர் கடைசி. சனிக்கிழமை. ஓதிலின் தலைமாட்டுக் கல்லுக்கு முன்னால் மஞ்சள் சாமந்தித் தொட்டி ஒன்று, கல்லை ஒட்டி, பெயரையே பாதி மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வாரமாக அங்கேதான் நின்றது. மெர்மேவுக்கு இப்போது எழுபத்தொன்று; குனிவதற்குச் சலிப்பு. ஆனால் அன்றைக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"மதாம், உங்க தொட்டி என் எல்லைக்குள்ள வந்து ரெண்டு வாரம் ஆச்சு."

"இருக்கட்டும்" என்றாள் வீகண்ட் அம்மாள், திரும்பாமல்.

"இருக்கட்டுமா? போன வருஷம் என் ரோஜாக் கிளை பாதைக்கு மேல ரெண்டு விரல் நீட்டினதுக்குக் கத்தரிக்கோலோட வந்தவங்க நீங்க."

"ஹெர் மெர்மே, தொட்டியை எடுக்காதீங்க."

அவள் குரலில் வழக்கமான காரம் இல்லை. மெர்மே தொட்டியைத் தூக்கினார். கல்லில், ஓதிலின் பெயருக்குக் கீழே, உள்ளங்கை அளவு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. *பயன்பாட்டுக் காலம் முடிகிறது. உரியவர் நிர்வாகத்தைத் தொடர்புகொள்ளவும்.*

வரிசை முழுக்கப் பார்த்தார். பதினான்காம் வரிசையில் எல்லாக் கல்லிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. இத்தனை நாள் எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? அவர் தன்னுடையதைத் தவிர எதையும் பார்ப்பதில்லை. தன்னுடையதையோ சாமந்தி மறைத்திருந்தது.

"இதுக்காகத்தான் தொட்டி வச்சீங்களா?"

"சாமந்தி சல்லிசாக் கிடைச்சுது" என்றாள் அந்த அம்மாள். பொய் சொல்லத் தெரியாத முகம். கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றாள்.

திங்கட்கிழமை மெர்மே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு கிலோ பழைய கோந்தேவை மெழுகுத்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மேஜைக்குப் பின்னால் அதே டோல்ட். தலை நரைத்திருந்தது, அடுத்த கோடையில் ஓய்வு.

"உங்களை மறக்க முடியுமா" என்றார் டோல்ட். "எழுநூறு."

"இப்ப எழுநூறு பேச வரலை. விலை நீங்க சொல்லுங்க. எவ்வளவுனாலும் சரி. இன்னும் பத்து வருஷம்."

டோல்ட் சீஸைப் பார்த்தார். மெதுவாகத் திருப்பித் தள்ளினார். "இது வரிசைக் கல்லறை ஹெர் மெர்மே. உங்களுக்கு மட்டும் நீட்டிக்க முடியாது. பிப்ரவரியில மொத்த வரிசையும். கல்லை எடுத்துச் சமன் பண்ணிப் புல்லு போட்டுடுவோம். அவங்க அங்கேயேதான் இருப்பாங்க, கீழே. யாரும் தொட மாட்டாங்க. மேலதான் ஒண்ணும் இருக்காது."

"பெயர்?"

"பெயரும் இருக்காது."

"அப்ப அந்த இன்னொண்ணு, ரெண்டு பேருக்கான குடும்பக் கல்லறை. அதை இப்ப வாங்கறேன். அவளை அதுக்கு மாத்துங்க."

டோல்ட் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாத்த மனுப் போடலாம். உங்க நாட்டுக்குக் கொண்டுபோகவும் போடலாம். கிடைக்கலாம். ஆனா நான் முப்பது வருஷமா இந்த மண்ணைப் பார்த்துட்டிருக்கேன். ஆத்தோரத்து ஈரமண்ணு. இருபது வருஷம். மரப்பெட்டி. நீங்க பக்கத்துல நிப்பீங்க, நாங்க தோண்டுவோம். அதுல அவங்கன்னு சொல்லிக் காட்ட என்ன கிடைக்கும்னு நான் எப்படிச் சொல்றது? நாலு எலும்பு. மிச்சம் மண்ணு. நீங்க அதைப் பார்க்க வேண்டாம்னு நான் சொல்லுவேன். இது அதிகாரியா சொல்றதில்ல."

மெர்மே எழுந்தார். தொப்பியை வைத்தார். "அப்ப சரி" என்றார்.

வெளியே நடந்தார். மெதுவாக. எழுபத்தொரு வயதுக்கு வேறு எப்படியும் நடக்க முடியாது என்றாலும், அதைவிடவும் மெதுவாக. ஆறு, ஏழு, எட்டு. ஒன்பதாவது அடியில் பின்னால் கதவு திறந்தது.

"ஹெர் மெர்மே!"

அவர் சட்டென்று திரும்பிய வேகத்தில் தடுமாறிப் போனார். டோல்ட் சரளைக்கல்லில் ஓடிவந்துகொண்டிருந்தார். கையில் குடை.

"குடையை விட்டுட்டீங்க" என்றார் மூச்சு வாங்க. மெர்மேவின் முகத்தைப் பார்த்ததும் டோல்டுக்கு என்னவோ புரிந்துவிட்டது. "மன்னிச்சுக்கங்க" என்றார். குடைக்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

அன்று மத்தியானமே ரெமிக்குப் போன் போட்டார். டோல்ட் சொன்னதையெல்லாம் ரெமி கேட்டுக்கொண்டான். பிறகு, "நம்ம குடும்பக் கல்லறைல ஒரு பெட்டிக்கு இடம் இருக்குண்ணா. உனக்குன்னு வச்சது. காலத்துக்கும் நம்மளோடது, எவனும் சீட்டு ஒட்ட மாட்டான். அண்ணியை அதுல வைக்கலாம். அந்தப் பலகைகூட தோட்டத்துலதான் கிடக்கு, அதுமேல உட்கார்ந்துதான் பட்டாணி உரிக்கறோம். ஆனா..."

"ஆனா நான் எங்க போவேன்னு கேக்கறே."

"அதைத்தான் கேக்கறேன்."

மெர்மே போனை வைத்தார். நகராட்சி மனுத்தாள் ஒன்றை வாங்கிவந்து மடக்கு மேஜையில் விரித்து வைத்தார். பெயர், இறந்த தேதி, வரிசை, எண். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. 'சத்தியம்' என்று எழுத முடியுமா? அப்படியே மடித்து கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஐந்து வாரம் அலைந்தார். சந்தையில் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தார். ஜெர்மன்காரர்கள் அதிகமாக வந்ததை எண்ணித் திருப்பிக் கொடுத்தார்கள்.

கல்லறைத் திருநாளன்று தோட்டம் முழுக்கச் சிவப்புக் கண்ணாடி விளக்குகள். அவர் சாமந்தியோடு வந்தார். மழை தூறியது. குழாயடித் தகரத்துக்குக் கீழே, வீகண்ட் அம்மாள் முன்னதாகவே நின்றிருந்தாள். மெர்மே மனுத்தாளை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டு நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"கையெழுத்துப் போடலையே?"

"கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் மதாம். ஆனா தோண்டினா மண்ணுதான் வரும்கிறார் அந்த ஆளு. மண்ணைக் கூட்டிட்டுப் போறதா?"

"அவங்க கேட்டது, நீங்க போறப்போ கூட்டிட்டுப் போகச் சொல்லித்தானே?"

"ஆமா."

"நீங்க போகலையே." அவள் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "இருபது வருஷமா நான் இந்தப் பாதைக்கு அந்தாண்டை நின்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன். போறேன் போறேன்னு சொன்னது நீங்க. அவங்க ஒருநாளும் சொல்லலை. பேசாம படுத்திருந்தாங்க. இப்ப போய் அவங்க தூக்கத்தைக் கெடுக்கப் போறீங்களாக்கும்."

மெர்மேவுக்குக் கோபம் வந்தது. வாயைத் திறந்தார். வந்தது வேறு எதுவோ. கைக்குட்டையைத் தேடினார், கிடைக்கவில்லை. அந்த அம்மாள் தன் தோட்டக் கையுறையை நீட்டினாள். அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நெற்றியெல்லாம் மண்.

"ரோஜாவை என் பக்கம் வச்சுடலாம்" என்றாள், கையுறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு. "பெகோனியாவை ரெண்டு எடுத்துட்டா இடம் வரும்."

"உங்க புருஷன் ஒத்துக்குவாரா? பிரெஞ்சு ரோஜாவாச்சே."

"உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷனுக்குப் பிரெஞ்சுக்காரிங்கன்னா கழுத்து தானாத் திரும்பும். என்னைக் கேட்டா அவருக்கு இது ரொம்ப அதிகம்."

அவர் சிரித்தார். மனுத்தாளை நான்காகக் கிழித்து, பச்சைக் கழிவுக்கும் காகிதத்துக்கும் தனித்தனியாக வைத்திருந்த தொட்டிகளில், சரியான தொட்டியைத் தேடிப் போட்டார்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை காலை அந்த வேலை நடந்தது. தான் நிற்க வேண்டும் என்று மெர்மே கேட்டிருந்தார், டோல்ட் மறுக்கவில்லை. ரோஜாவை முந்தின வாரமே வேரோடு மாற்றியாயிற்று. ஒரு சின்ன மஞ்சள் இயந்திரம் வரிசையின் முதல் எண்ணிலிருந்து வந்தது. ஓரக்கற்களை நெம்பியது, தலைமாட்டுக் கற்களைத் தூக்கியது. பல கற்களுக்கு ஆளே வரவில்லை. அவை ஒரு தள்ளுவண்டியில் போயின. ஒன்பதாம் எண்ணில் இயந்திரத்தை ஓட்டியவன் நிறுத்திவிட்டு இறங்கி வந்தான். கல்லைக் கையாலேயே, இருவருமாகத் தூக்கி, சீஸ் வண்டியில் பழைய சாக்கின் மேல் படுக்க வைத்தார்கள். நாற்பது கிலோ இருக்கும். ஒரு முழு கோந்தே வட்டத்தின் எடை என்று மெர்மேவின் தோள் தானாக நிறுத்துச் சொன்னது.

பதினொரு மணிக்குள் பதினான்காம் வரிசை என்று ஒன்று இல்லை. பரம்படித்த கரிய மண், நேராக, ஒரே மட்டமாக. ஒன்பது எங்கே முடிந்து பத்து எங்கே தொடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை. டோல்ட் ஒரு தாளை நீட்டினார்: கல்லைப் பெற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போட்டார். இந்தமுறை யாரும் எந்த வரியிலும் விரல் வைக்கவில்லை.

பூவாளி கையில்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் வரும்போதே எடுத்துவிட்டிருந்தார். அந்தத் தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றினார். "குளிர்காலத்துல யாராவது இவ்வளவு ஊத்துவாங்களா" என்று, புருஷன் கல்லறையோரம் நின்றிருந்த வீகண்ட் அம்மாள் திட்டினாள். பிறகு, "சனிக்கிழமை வருவீங்கதானே?" என்றாள். "எனக்கு முட்டி மடங்கறதில்ல. ரெண்டு பூவாளி யாராவது தூக்கணும்."

"பார்ப்போம் மதாம்" என்றார்.

பூவாளியை மாட்டினார். காசு கிணுங்கென்று விழுந்தது. பிறகு வாசலை நோக்கி நடந்தார். மெதுவாக. அந்தக் கரிய மண்ணுக்கு முதுகைக் காட்டி, அப்பா சொல்லிக்கொடுத்த மாதிரி, காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு. பத்து அடி. இருபது. முப்பதாவது அடியில் நின்று, கோட்டுப் பொத்தானைப் போடுகிற சாக்கில் கொஞ்சநேரம் நின்றார். ஓதில் கூப்பிட்டிருந்தால் என்ன விலைக்கும் சரி என்றிருப்பார்.

கூப்பிடவில்லை. வாசலைத் தாண்டினார்.

சனிக்கிழமை சந்தை முடிந்ததும் வழக்கம்போல மெழுகுத்தாளைக் கிழித்து, சொரசொரப்பான பக்கத்தைத் திருப்பிக் காது இடுக்குப் பென்சிலால் கணக்கு எழுதினார். சீஸ் கணக்கு முடிந்தது. கீழே ஒரு கோடு போட்டு, இன்னொன்று எழுதினார்.

பதினான்கு, ஒன்பது.

கொடுத்தது: 860 மார்க். அதாவது 440 யூரோ. வருஷத்துக்கு 22. வாரத்துக்கு 42 சென்ட்.

திரும்பி வந்தது: கல் 1. பூவாளிக் காசு, 1 யூரோ.

நகராட்சிக்குப் பாக்கி: இல்லை.

ஓதிலுக்குச் சொன்னது: ஊருக்குக் கூட்டிப்போவது, 1. கொடுத்தது: 0.

பாக்கி: 1.